அழிப்பான் சொத்து

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்களுக்குப் பெரட்டு. ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்து வேலைக்கு அனுப்புவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தோட்டத்தார் வைத்த பெயர் அது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசையில் நாங்கள் நான்கு பேர் கூடி, அந்த வாரம் வந்திறங்கிய சூப்பர்ஹீரோ காமிக்ஸ்களைப் பற்றித் தொண்டை கட்டும்வரை கத்துவதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதால் நான் கிராணி. தோட்டத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தாவை அப்படித்தான் அழைப்பார்கள்.

என் நோட்டில் ஒவ்வொரு இதழுக்கும் மூன்று தேதிகள் உண்டு. அட்டையில் அச்சிட்டிருக்கும் மாதம் ஒன்று. அது எப்போதும் இரண்டு மாதம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், நம்ப முடியாது. அமெரிக்காவில் வெளியான புதன்கிழமை இன்னொன்று. கோலாலம்பூரைச் சுற்றிக்கொண்டு காகிதப் புத்தகம் ஈப்போவுக்கு வந்து சேரும் அடுத்த வாரத்து வியாழன் மூன்றாவது. அதற்குப் பக்கத்தில் நால்வரும் சொன்ன கருத்து, சொன்னவர் வாய்மொழியிலேயே. கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் கோடு போட்டுவிடுவேன்.

நால்வரில் அதிகக் கோடு வாங்கியவன் லாரி மச்சான். பீடோரிலிருந்து கொய்யாவும் காய்கறியும் ஏற்றி வருகிறவன். புதன் மதியம் கைப்பேசியில் இதழ் வந்ததும் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் படித்துவிடுவான். காகிதம் வரும்வரை எட்டு நாள் வாய் திறக்கக் கூடாது என்பது பெரட்டின் சட்டம். அவன் பிறந்ததே அந்தச் சட்டத்தை மீறத்தான்.

அடுத்தவர் பல் டாக்டர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். வீரனுடைய வாயில் ஓவியர் எத்தனை பல் வரைந்திருக்கிறார் என்று எண்ணிவிட்டுத்தான் கதைக்குள் நுழைவார். "முப்பத்தெட்டு. இவன் மனுசனே இல்லை" என்று ஒருமுறை ஒரு நல்ல கதையை முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டார்.

எங்கள் எல்லாரிலும் கூர்மையானவர் அக்கா. செமோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் கண்டுபிடித்துக் கழித்துவிட வேண்டும். அந்தக் கண்ணோடு காமிக்ஸ் படித்தால் கதாசிரியர்கள் பாடு என்ன ஆகும்? போன இதழில் இடது கையில் இருந்த காயம் இந்த இதழில் வலது கைக்குப் போனால், "இங்க ஒழுகுது" என்று விரல் வைத்துவிடுவார்.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. நாங்கள் உயிரையே வைத்திருந்த தொடரின் நாயகன் எதை வேண்டுமானாலும் கனமாக்குவான், லேசாக்குவான். அவனை எங்களுக்குள் எடைக்காரன் என்போம். மாதம் இரண்டு முறை வரும் அந்தத் தொடரின் கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதங்கள் மூன்று அச்சாகும். அக்கா எட்டுக் கடிதம் எழுதியிருந்தார், ஆங்கிலத்தில், அகராதி பார்த்து. ஒன்றுகூட வரவில்லை.

"எம்பேரு வராட்டியும் பரவால்ல கிராணி. அந்தப் பக்கத்துல ஒரு தடவ செமோர்னு பாக்கணும்லா. எவன் கேட்டாலும் ஈப்போ பக்கம், ஈப்போ பக்கம்னு சொல்லியே வாய் வலிக்குது."

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை மதியம் என் கைப்பேசி அலறியது.

"கிராணி! பேராக்! பேராக்!"

"என்னா மச்சான், வெள்ளமா?"

"வெள்ளமா? எடைக்காரன் இங்க..." சட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு பெரிய மூச்சு கேட்டது. "நா ஒண்ணும் சொல்லல. பேராக்னு மட்டுந்தான் சொன்னேன். அத நீ நோட்டுல எழுதாத."

அடுத்த எட்டு நாளும் அவன் எங்கள் மூவருக்கும் காலையில் ஒரு மரத்தின் படம், மாலையில் ஒரு மரத்தின் படம் என்று அனுப்பிக்கொண்டிருந்தான். டாக்டர் கிளினிக்கில் ஒரு நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போது மரம் வந்ததாம். அவர் சிரித்ததில் நோயாளி பயந்துபோனதாகச் சொன்னார்.

வியாழன் வந்தது. மாடியில் காமிக்ஸ் கடை வைத்திருக்கும் சீனத்துத் தவுக்கே நான்கு பிரதிகளைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். மச்சான் மூன்றைப் பிடுங்கி ஆளுக்கொன்றாக மேசையில் அறைந்தான். "பதினோராம் பக்கம்! பதினோராம் பக்கத்துக்கு நேராப் போங்க!"

போனோம். மஞ்சள் பெட்டிக்குள் கறுப்பு எழுத்தில் 'பேராக், மலேசியா' என்று இருந்தது. நான்கு பேரும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் கை தவறித் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். எதிரிகளிடமிருந்து தப்பிய எடைக்காரன் உலகத்தில் ஒளிந்துகொள்ள வேறு இடமே இல்லாமல் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறான், ஒரு ரப்பர் தோட்டத்துக்கு! டாக்டர் எண்ணிக்கையை மறந்தார். நான் தேதி எழுத மறந்தேன். பிறகு எழுதிக்கொண்டேன்.

முதல் கூத்து அடங்கியதும் அக்காவின் விரல் பக்கத்தில் இறங்கியது.

"இது என்னா மரம்? பத்தடி ஒசரத்துல வெட்டி, பத்தடி ஒசரத்துல பால் வடியிற மங்கு கட்டியிருக்கான். பாலெடுக்கணும்னா பறந்துதான் போவணும்."

"அவன்தான் பறப்பானே அக்கா, ஒடம்ப லேசாக்கிட்டு!" என்றான் மச்சான்.

"தோட்டத்து ஆளுங்களும் பறப்பாங்களா? இன்னும் பாரு, விடியுமுன்ன வெட்டுற பால உச்சி வெயில்ல வெட்டுறான். எங்கம்மா பாத்தா வெளக்கமாத்த எடுத்திருக்கும். பக்கத்துலயே புலி வேற, நாய் மாரி குந்திக்கிட்டு."

"புலிக்குப் பல் சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டர், நடுநிலையாக.

அப்போதுதான் நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். தோட்டத்து வாசலில் நட்டிருந்த பலகை. அதில் கோடும் சுழியுமாக ஏதோ கிறுக்கியிருந்தது. இன்னொரு முறை உற்றுப் பார்த்தேன். தமிழ்! ஆனால் அடிபட்ட தமிழ். புள்ளிகளெல்லாம் எழுத்தின் தலையைவிட்டு இறங்கிப் பக்கத்தில் நின்றன. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போயிருந்தது. துணைக்கால் இன்னும் தள்ளி எவனோ ஒருவன் மாதிரி நின்றது.

டாக்டர் பையிலிருந்து பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அக்கா என் நோட்டைப் பிடுங்கி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். கால் மணி நேரம். தே ஆறிப் போனது.

"அ... ழி... ப்பா... ன். அழிப்பான்." அக்கா நிமிர்ந்தார். "சொ... த்து. சொத்து. அழிப்பான் சொத்து."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மச்சான் மட்டும் மெதுவாக எழுந்து நின்றான். முகம் சிவந்துவிட்டது.

"அழிப்பான்! சொத்த அழிப்பான்! எடைக்காரன் கெட்டவனாகப் போறான்லா! யாருக்கும் தெரியாம தமிழ்ல மறைச்சு வச்சிருக்கான்!"

"ஒக்காருடா தம்பி" என்றார் அக்கா. "ஸ்கூல்ல பென்சில் எழுத்த எதால அழிச்ச? அழிப்பானால. ரப்பர் எஸ்டேட்டுன்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கான். ரப்பருக்கு அழிப்பான், எஸ்டேட்டுக்குச் சொத்து. அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் மச்சான் விடுவதாக இல்லை. "சொத்துக்குப் பின்னாடி ஒரு 'ஐ' விழுந்திருக்கும்கா. 'அழிப்பான் சொத்தை'. கவிதை மாரி!"

"சொத்தையை அழிக்கிறது என்ட வேலையடா" என்றார் டாக்டர். "அவன் என்னத்துக்கு அழிப்பான்?"

அந்த வாரத்துப் பெரட்டுக் குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது: 'கதை: நால்வருக்கும் மிகப் பிடித்தது. மரம்: தேறாது. புலி: பல் சரி. பலகை: வழக்கு நிலுவையில்.'

மச்சான் வழக்கை மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். மறுநாளே உலகத்து ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் படத்தோடு போட்டான்: 'இது என் தாய்மொழி. இதில் ஒரு தீர்க்கதரிசனம் ஒளிந்திருக்கிறது.' அடுத்த வியாழனுக்குள் பிரேசிலிலும் போலந்திலும் ஆள்கள் அவனைத் தமிழ் அறிஞர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் 'அழிப்பான்' என்று கையில் பச்சை குத்திக்கொள்ள எழுத்து வடிவம் கேட்டிருந்தார். மச்சான் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நியாயமாக, யோசித்துச் செய்யச் சொன்னான்.

அதே வியாழன் அக்கா ஒரு தாளோடு வந்தார். ஒன்பதாவது கடிதம்.

"இத உலகத்துல வேற எவனும் எழுத முடியாது கிராணி. மரத்துக்கு ஒரு வரி, பலகைக்கு ரெண்டு வரி. சரியா எப்படி எழுதணும்னு தமிழ்லயே காட்டிட்டேன். இதுவும் வரலன்னா நா பேனாவ மூடி வச்சிர்றேன்."

தாளில் ஆங்கிலத்துக்கு நடுவே அழகாக 'ரப்பர் தோட்டம்' என்று இருந்தது.

"இறப்பர் எண்டு எழுதோணும்" என்றார் டாக்டர். "எங்கட அப்பா அப்பிடித்தான் எழுதுவார்."

"இறப்பரா?" மச்சான் மேசையைத் தட்டினான். "அழிப்பான்னு எழுதுனா அவன் அழிப்பான், இறப்பர்னு எழுதுனா எல்லாரும் இறப்பர்! டாக்டர், நீங்க என்னையவிடப் பெரிய ஆளு!"

சிரித்து முடித்ததும் அவன் குரல் இறங்கியது. "அக்கா, ஒண்ணு கேக்கவா? இத இப்ப அனுப்ப வேண்டாம்லா. அவங்க அச்சுல போட்டுட்டா, என்னய நம்புன அத்தன பேரும் காறித் துப்புவான்."

"நீ எதுக்கு ஒலகம் பூரா போயி அளந்து விட்ட?"

"தெரியாம விட்டுட்டேன்கா."

 அக்கா தாளை எங்களிடமிருந்து திரும்ப வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். எங்களுக்குப் படித்தும் காட்டினார்: 'ஆனால் தமிழில் அழிப்பான் என்றால் அவன் அழிக்கப் போகிறான் என்றும் பொருள். என் தம்பி ஒருவன் அப்படித்தான் நம்புகிறான்.' மச்சான் எழுந்துபோய் அவருக்கு இன்னொரு தே சொல்லிவிட்டு வந்தான்.

இந்த இடத்தில் என் பிழையை எழுதிவிடுகிறேன். டாக்டர் சொன்னார்: "தமிழ்த் துண்டைக் கையால எழுதிப் படமா எடுத்து அனுப்புங்கோ. தட்டினா உடையும்." நான் மடிக்கணினியைத் திறந்துகொண்டே, "இப்பல்லாம் அப்படி இல்ல டாக்டர். தட்டினா எங்கயும் தமிழாத்தான் வரும்" என்றேன். நிபுணன் மாதிரி சொன்னேன். அக்கா என்னை நம்பினார். நான் தட்டினேன். திரையில் 'ரப்பர் தோட்டம்' முத்துப் போல இருந்தது. மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினோம். நோட்டில் நேரம் இருக்கிறது.

அடுத்த இதழ் வந்த வாரம் நான் மறக்க முடியாதது. கதையில் எதிரிகள் தோட்டத்தைச் சுற்றி வளைக்க, எடைக்காரன் ரப்பர் பாளம் உலர்த்தும் புகைக்கூண்டின் கூரையை மலையளவு கனமாக்கினான். கட்டடம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதோடு நிற்காமல் ஆபீஸ், கொட்டகை, தண்ணீர்த் தொட்டி எல்லாம்!

மச்சான் கடைக்குள் நுழையவில்லை, பாய்ந்தான். "அழிப்பான்னு சொன்னேன், அழிச்சிட்டான்லா! சொத்து! எவ்ளோ சொத்து!" எல்லா மேசைக்கும் ரொட்டி சானாய் சொன்னான். காமிக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மலாய்க் குடும்பம் அவனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டது.

அக்கா மட்டும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப என் லெட்டர எவன் போடுவான்? இவளுக்கு ஒண்ணும் வெளங்கலன்னு தூக்கிப் போட்டிருப்பான்."

"நீங்கதான் கடைசி வரி சேத்தீங்களே அக்கா" என்றேன்.

"அது அவனுக்காகச் சேத்தது."

கைப்பேசியில் வருகிற பதிப்பில் கடிதப் பக்கம் இருக்காது. காகிதத்தில்தான் உண்டு. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மச்சானும் எங்களைப் போல வியாழன்வரை காத்திருக்க வேண்டியவன். அடுத்த இரண்டு இதழ்களையும் அக்கா பின்னாலிருந்து திறந்தார். இரண்டிலும் செமோர் இல்லை. முதல் முறை "ச்சே" என்றார். இரண்டாம் முறை கதையைக்கூடப் படிக்காமல் வண்டிச் சாவியை எடுத்தார். அன்று கருத்துப் பத்தியில் அவருக்கு நேராக வெற்றிடம். என் நோட்டில் அக்காவின் பெயருக்கு எதிரே வெற்றிடம் விழுந்தது அதுதான் முதல்முறை.

மூன்றாவது இதழ் வந்த வியாழன் அக்கா பையைத் தொடவே இல்லை. "நீங்களே பாருங்க. நா தே குடிக்கிறேன்."

மச்சான் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். அவன் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அதுவே எங்களுக்கு அதிர்ச்சி. புத்தகத்தை அப்படியே திருப்பி அக்காவின் முன்னால் வைத்தான். முதல் கடிதம். அடியில் அக்காவின் பெயர், அதற்கும் அடியில் 'செமோர், பேராக், மலேசியா'.

"அலாமாக்!" என்றார் அக்கா. குவளை கவிழ்ந்தது. அதை யாரும் நிமிர்த்தவில்லை. புத்தகங்களை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டோம். "செமோர்! செமோர்! ஸ்பெல்லிங்கு சரியா? டாக்டர், நீங்க பாருங்க. கிராணி, சத்தமாப் படி. தமிழ்ல சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்!"

நான் நாற்காலியில் ஏறாத குறைதான். பத்தடி மரத்தைச் சொன்னபோது கடையில் சிலர் சிரித்தார்கள். பலகைக்கு வந்தேன். 'சரியாக எழுதினால் இப்படி இருக்க வேண்டும்' என்ற வரியைப் படித்துவிட்டு அடுத்த வரியில் நின்றுவிட்டேன்.

அங்கே 'ரப்பர் தோட்டம்' இல்லை. அதே அடிபட்ட தமிழ்! நான்கு புள்ளிகள் இறங்கி நின்றன. தோவின் கொம்பு பின்னால் போய்விட்டது. பிழையைத் திருத்த எழுதிய கடிதத்தில் திருத்தமே பிழையாகிக் கிடந்தது.  டாக்டர் என்னைப் பார்த்தார். 'படமா அனுப்புங்கோ' என்று அவர் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

"என்னா நின்னுட்ட?" அக்கா புத்தகத்தை இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, என் தப்பு. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு."

அவர் குனிந்தபடியே இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மச்சான் கைத்தாளை நீட்டினான். அக்கா நிமிர்ந்தபோது சிரிப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "ஒழுகுது! இங்கயும் ஒழுகுது! ஒன்னயக் கிராணி வேலையில வச்சவன ஒதைக்கணும்டா!" நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அடியில் ஆசிரியர் பதில் இரண்டு வரி இருந்தது. டாக்டர்தான் படித்தார்: 'எங்கள் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் தம்பிக்கு எங்கள் வணக்கம்.'

"பாத்தியாக்கா! பாத்தியா! ரகசியம்னே ஒத்துக்கிட்டான்!" மச்சான் எனக்கு முத்தம் கொடுத்துவிட்டான்.

"அடப்பாவி, அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு நா சொல்லித்தானே அவனுக்கே தெரியும்!"

இருவரும் என் நோட்டைக் கேட்டார்கள். தேதிகளைப் பார்த்தேன். ஒரு இதழை மாதக்கணக்கில் முன்கூட்டியே வரைந்துவிடுவார்கள். ஆகவே அக்காவின் கடிதத்தைப் படித்துவிட்டு எடைக்காரன் கட்டடத்தை இடித்திருக்க முடியாது. ஆசிரியர் பதில் மட்டும் கடிதத்துக்குப் பிறகு வந்தது. இதில் யார் ஜெயித்தது? மூன்று தேதி வைத்திருந்தும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அதை அவர்களிடம் சொன்னபோது இருவருமே தான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். தொழிற்சாலையில் தாளில் குறி போடும் மெல்லிய பேனா. "ஃபேக்டரியில ஓட்டை இருந்தா தூக்கித்தான் போடணும். ஒட்டுப் போட விட மாட்டான். இங்க எவன் கேக்கப் போறான்?" தன் பிரதியில் இறங்கி நின்ற புள்ளிகளை ஒவ்வொன்றாக அடித்து, அவற்றை எழுத்தின் தலையில் ஏற்றினார். நான்கு புள்ளி. கொம்பை இழுத்துத் த-வுக்கு முன்னால் நிறுத்தினார். பிறகு என் பிரதி. பிறகு டாக்டருடையது, அவர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

மச்சான் தன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "என்னோடதுல கை வைக்காதக்கா. பேனா பட்டா காமிக்ஸ் சேக்குறவங்ககிட்ட மதிப்பு போயிரும்லா."

"சரி. ஒலகம் பூரா இருக்கிற புத்தகத்துல மூணுதான் சரியா இருக்கும். ஒன்னோடது பிரேசில்காரன் புத்தகம் மாரியே இருக்கட்டும்."

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு புத்தகத்தை மேசையில் வைத்து, காற்றுக்குப் பக்கம் புரளாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "அப்படின்னா கையெழுத்தும் போடு. அழிப்பான்னு கண்டுபிடிச்ச தம்பிக்குன்னு எழுது."

அக்கா எழுதினார். தேதி போடப் பேனாவை வைத்தவர் என்னைப் பார்த்தார். "கிராணி, எந்தத் தேதி? அட்டத் தேதியா, அமெரிக்காத் தேதியா?"

"பெரட்டுத் தேதி போடுங்கக்கா" என்றேன். இந்த முறை தட்டாமல், அவர் கையாலேயே எழுதினார்.